கிழமையின் பெயரில் ஒரு பேட்டை

ஊருக்குப் பெயர் வைக்கிற விஷயத்தில் நம்மவர்கள் என்றைக்கும் தடுமாறியதில்லை. ராஜாவின் பெயர் இருக்கிறது, ராணியின் பெயர் இருக்கிறது, சுவாமியின் பெயர் இருக்கிறது. மரம், ஏரி, மேடு, பள்ளம் எதுவும் உதவும். ஒன்றும் தோன்றாவிட்டால் 'புதூர்' என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். சேலத்து ஜனங்கள் தங்கள் பட்டணத்தின் ஒரு பகுதிக்குக் கிழமையின் பெயரை வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை. வெள்ளைக்காரன் அதைத் தன் தஸ்தாவேஜுகளில் 'ஷெவபெட்' என்று எழுதி வைத்தான். பேட்டைக்காரர்கள் வாயில் அது 'செவ்வாபேட்டை'. வண்டிக்காரர்களுக்கு வெறும் 'பேட்டை'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'செவ்வாயோ வெறுவாயோ' என்று பழமொழி சொல்கிற ஜாதி நாம். செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்க மாட்டோம். அன்றைக்குக் கைமாற்று கேட்டு யாராவது வந்தால், "நாளைக்கு வாங்களேன்" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவோம். அப்படிப்பட்ட கிழமையைத் தலையில் சூட்டிக்கொண்டு ஒரு பேட்டை ஜில்லாவின் தானியத்தையும் வெல்லத்தையும் வெள்ளியையும் தலைமுறை தலைமுறையாக நிறுத்துக் கொடுத்துக் காசு எண்ணி வாங்கியிருக்கிறது. செவ்வாய் கிரகத்துக்கு இது தெரிந்தால் நம் ஜோசியர்களைப் பற்றி என்ன நினைக்குமோ!

சேலம், நாமக்கல் சமவெளியில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நடுவில் கரடுகள்; கரடுகளுக்கிடையே சோளக் கொல்லை, கடலைக் கொல்லை, கிணற்றுப் பாசனம். தினந்தோறும் கடை திறந்து வைத்தால் ஈ ஓட்டவேண்டியதுதான். ஆகவே வியாபாரி வண்டியைப் பூட்டிக்கொண்டு கிழமைக்கு ஓர் ஊராகச் சுற்றினான். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே நாளில் சந்தை கூடினால் இரண்டும் கெட்டுப்போகும் என்பதால், ஊர்கள் கிழமைகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. இதற்கு எந்தச் சர்க்கார் உத்தரவும் தேவைப்படவில்லை. நாமக்கல் சாலையில் போனால் 'புதன்சந்தை' என்று ஓர் ஊர் வருகிறது. தர்மபுரிப் பக்கம் வெள்ளிச்சந்தை இருக்கிறது. புதன்சந்தையில் மாட்டுச் சந்தை கூடுவது இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை! திங்கள் இரவே மாடுகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். கிழமை நகர்ந்துவிட்டது; பெயர் நகரவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துருக்கி தேசத்து இஸ்தான்புல் நகரில் கடற்கரையை ஒட்டி 'சலிபசாரி' என்று ஒரு பேட்டை இருக்கிறதாம். அர்த்தம் கேட்டால் 'செவ்வாய்ச் சந்தை'! அதே நகரில் புதன்கிழமைப் பெயரில் இன்னொரு பேட்டையும் இருக்கிறது. ஐரோப்பியர்கள் பொருளின் பெயரை வைக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரத்து நடுச் சதுக்கத்துக்கு 'ஹொய்மார்க்ட்', அதாவது உலர்ந்த புல் விற்ற சந்தை என்று பெயர். புல்லும் போய்விட்டது, குதிரையும் போய்விட்டது. எனக்கு என்னவோ கிழமைப் பெயர்தான் உசத்தி என்று படுகிறது. பொருள் மாறினாலும் கிழமைக்குச் சேதமில்லை அல்லவா?

சேலத்துக்குத் திருமணிமுத்தாறு என்று ஓர் ஆறு. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி, பட்டணத்தின் நடுவே நுழைந்து, நாமக்கல் சீமையைக் கடந்து நஞ்சை இடையாற்றுப் பக்கம் காவிரியில் சேருகிறது. மணியும் முத்தும் பெயரில்தான்; பட்டணத்துக்குள் அது சுமப்பது சாக்கடையும் சாயத் தண்ணீரும். அந்த ஆற்றங்கரையில் கோட்டை எழுந்தது. உள்ளே அழகிரிநாதர் கோயில், அதிகாரிகள், சேவகர்கள். கோட்டைக்கு அப்பால் மேற்கே, மதில் இல்லாத வெளியில், சந்தை கூடியது. சந்தைக்கு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. அவர்கள் போட்ட கூரைதான் பேட்டை.

கோட்டைக்கு எஜமானர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1792-ம் வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழே உதவியாளராக வேலை பழகியவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, குடியானவனோடு நேராக வரி பேசுகிற முறையை இந்த மண்ணில்தான் அவர்கள் பழகினார்கள். குடியானவனுக்குக் கிஸ்தி கட்டக் காசு வேண்டும். காசு வேண்டுமானால் விளைந்ததை விற்கவேண்டும். விற்பதற்குச் சந்தைக்கு வரவேண்டும். கோட்டையில் யார் இருந்தாலும் பேட்டைக்குக் கவலையில்லை. கிஸ்தி வாங்குகிறவர் ஒருவர் இருந்தால் போதும்.

இன்று சேலத்துக் கோட்டையைத் தேடிப் போனால் பெயர்தான் கிடைக்கும்; மதிலைத் தேடாதீர்கள். மதிலே இல்லாத பேட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

1860-களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. ஆனால் ஸ்டேஷன் வந்தது பேட்டைக்கு அல்ல, சூரமங்கலத்துக்கு. நடுவில் மூன்று நான்கு மைல். அந்த மூன்று நான்கு மைல் எத்தனை மாட்டு வண்டிகளுக்குச் சோறு போட்டது என்று கணக்கெடுக்க ஆள் இல்லை. பிற்பாடு ஊருக்குள் ஒரு கிளைப் பாதை போட்டபோதுதான் ரயில் பேட்டையை எட்டிப் பார்த்தது. அந்த ஸ்டேஷனுக்கு 'சேலம் மார்க்கெட்' என்று பெயர் வைத்தார்கள்.

ரயில் வந்து பதினைந்து வருஷம் ஆனதும் பஞ்சம் வந்தது. 1876-லிருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். 1871-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் சேலம் ஜில்லாவில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். பத்து வருஷம் கழித்து எண்ணினபோது 16 லட்சம். மூன்றரை லட்சத்துக்கும் மேலே ஆள் குறைவு. பிறந்திருக்க வேண்டியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் கூடும். ரயிலில் தானியம் வந்து இறங்கியது. வாங்கத்தான் ஜனங்கள் கையில் காசில்லை. தராசுத் தட்டில் தானியம் இருக்க, எதிர்த் தட்டில் வைக்க ஒன்றுமில்லாமல் எத்தனை பேர் அந்தத் தெருக்களில் நின்றார்களோ! கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு எழுதத் தோன்றுகிறது; ஆனால் இந்தக் கணக்குக்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

பஞ்சம் தீர்ந்து நாலு வருஷத்தில் செவ்வாய்ப்பேட்டை தேசம் முழுவதற்கும் தெரிந்த பெயராயிற்று. நல்ல விஷயத்துக்காக அல்ல.

ஊர்வலம் போகிற வழியில் பேட்டையில் ஒரு பள்ளிவாசல் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் மேளம் கொட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா என்பது தகராறு. இரண்டு பக்கத்தாரும் தினமும் ஒரே தெருவில் கடை வைத்திருந்தவர்கள். ஒருவரிடம் ஒருவர் சரக்கு எடுத்தவர்கள். தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், உருது பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர் எல்லோரும் தராசு முன்னால் ஒரே பாஷைதான் பேசினார்கள். ஆனாலும் 1882-ம் வருஷம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் தகராறு கலவரமாக வெடித்தது. பள்ளிவாசல் தகர்க்கப்பட்டது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பட்டணமே பதறிப்போயிற்று.

பிறகு கைதுகள். பிடிபட்டவர்களில் ஒருவர் முப்பது வயது வக்கீல். முனிசிபல் கவுன்சிலில் அங்கத்தினர். பெயர் விஜயராகவாச்சாரியார். கலவரத்தைத் தூண்டிவிட்டார் என்று குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். அவர் விடவில்லை. மேல்கோர்ட்டுக்குப் போய், தாம் நிரபராதி என்று நிரூபித்து வெளியே வந்தார். வந்ததும் சும்மா இருந்தாரா? முனிசிபல் பதவியிலிருந்து தம்மை நீக்கியது செல்லாது என்று இந்தியா மந்திரியின் பேரிலேயே வழக்குப் போட்டார்! 1884-ல் சென்னை ஐக்கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, நூறு ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லிற்று. நூறு ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் ஒரு சாம்ராஜ்யம் ஒரு சேலத்து வக்கீலுக்குக் கொடுத்த நூறு ரூபாய் அல்லவா? இதோடும் அவர் நிற்கவில்லை. இதே வழக்கில் தண்டனை பெற்று அந்தமானுக்குப் போனவர்களை மீட்கவும் மனுப் போட்டுப் போராடி வெற்றி பெற்றார். அந்த மனிதர்தான் பிற்பாடு 'சேலம்' என்ற அடைமொழியோடு, 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்.

சரித்திரப் புஸ்தகங்கள் இந்த இடத்தில் விஜயராகவாச்சாரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நாகபுரிக்கு ரயில் ஏறிவிடுகின்றன. எனக்குப் பேட்டையை விட்டுப் போக மனமில்லை. அந்தத் தெரு என்ன ஆயிற்று?

அந்தத் தெருவும் ஐக்கோர்ட்டுக்குப் போயிற்று. சட்டப் புஸ்தகங்களில் 'சுந்தரம் செட்டி எதிர் மகாராணி' என்ற தலைப்பில் 1883-ம் வருஷத்துத் தொகுதியில் அந்த வழக்கு இருக்கிறது. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இது: பொது வீதி எல்லோருக்கும் பொது. எந்த மதத்தாரும் அதில் ஊர்வலம் போகலாம். மற்றவர்கள் நடமாட இடைஞ்சல் கூடாது. அமைதி கெடும் என்றால் மாஜிஸ்திரேட் கட்டளையிடலாம்; அதற்குக் கீழ்ப்படியவேண்டும். ஆனால் ஓரத்தில் வழிபாட்டு இடம் இருக்கிறது என்பதற்காக வீதி ஒரு சாராருக்குச் சொந்தமாகிவிடாது. வீதியில் போகிறவர்கள் ஒரு சாரார் என்பதற்காக ஓரத்தில் இருக்கிறவர்களின் வழிபாட்டைக் குலைக்கும் உரிமையும் வந்துவிடாது. நாற்பது வருஷம் கழித்து, 1924-ல், வடக்கே வேறோர் ஊர்த் தகராறு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனபோது, அங்கே இருந்த பிரபுக்கள் சென்னை ஐக்கோர்ட் இந்த மாதிரி வழக்குகளில் காட்டிய வழியைத்தான் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் எந்தத் தெருவில் யார் மேளம் கொட்டலாம் என்ற கேள்விக்குப் பதில் தேடுகிற வக்கீல், இன்றைக்கும் செவ்வாய்ப்பேட்டை வழியாகத்தான் போய் வரவேண்டியிருக்கிறது.

சட்டம் சொன்னது புதிதா என்று யோசித்துப் பார்த்தேன். சந்தை கூடிய முதல் செவ்வாய்க்கிழமையே அந்த வெளிக்கு அதுதானே விதி? மூட்டையை இறக்குகிறவன் யார், என்ன சாமி கும்பிடுகிறான் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். சரக்கைப் பார்த்திருப்பார்கள். அப்படி உண்டான இடத்தில், அதையே பெரிய நீதிபதிகள் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது. அதற்குள் கொலையும் கொள்ளியும் நடந்து முடிந்திருந்தன.

மண்டியில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும். வெல்லச் சிப்பத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் எங்க தாத்தனுக்கும் தாத்தன் காலத்துச் சமாசாரமுங்க, தம்பி. கடையில அதைப் பேசறதில்லை."

"ஏனுங்க?"

"பேசினா வியாபாரம் ஆகுமா?" என்றார். அப்புறம் வெல்லத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வெல்லத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஓமலூர், காமலாபுரம் பக்கங்களில் கரும்பை ஆட்டிக் காய்ச்சும் ஆலைக்காரர்கள் வெல்லத்தைக் கொண்டுவந்து போடுவது செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில்தான். அங்கே ஏலம் நடக்கும். பொங்கலுக்கு முந்தின வாரங்களில் போய்ப் பாருங்கள், தெருவே இனிக்கும். இப்போது ஜனங்களுக்கு வெளுத்த வெல்லம்தான் வேண்டுமாம். வெளுப்புக்காகச் சிலர் சர்க்கரையையும் வேறு சரக்குகளையும் கலக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மூட்டை மூட்டையாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். "கறுத்த வெல்லம்தாங்க சுத்தம். ஆனா கறுத்ததைக் காட்டினா எவனும் வாங்க மாட்டான்," என்று பெரியவர் சொன்னார். மனிதர்களைப் பற்றியும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம். பக்கத்தில் லீ பஜார். பருப்பு, புளி, மிளகாய் வற்றல், எண்ணெய் வித்துக்கள். தும்மாமல் அந்தப் பஜாரைக் கடந்தவன் பேட்டைக்காரன்.

பேட்டையின் பேரேட்டைச் சர்க்கார் திறந்து பார்க்க ஆரம்பித்த கதையும் சேலத்திலிருந்து புறப்பட்டதுதான். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-லிருந்து 1919 வரைக்கும் முனிசிபல் சேர்மனாக இருந்த ராஜாஜி, 1937-ல் சென்னை ராஜதானியின் பிரதமரானார். ஆனவுடன், அந்த வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். கள்ளுக் கடைகளும் சாராயக் கடைகளும் மூடின. குடித்தனங்களில் அடுப்பு எரிந்தது. கஜானாவில் ஓட்டை விழுந்தது. மற்ற ஜில்லாக்களுக்கும் மதுவிலக்கு பரவப் பரவ ஓட்டை பெரிதாகும் அல்லவா? அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. குடிகாரன் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தை இனி பருப்புக் கடைக்காரன் வசூல் பண்ணிக் கொடுக்கவேண்டும். சேலத்து மண்டிக்காரர்கள் ராஜாஜியை வாழ்த்தினார்களா, வைதார்களா என்று கேட்காதீர்கள். இரண்டும் செய்திருப்பார்கள், வாழ்த்தினது மனைவிமார்களாக இருக்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வருகிறவரைக்கும் அந்த வரி பெயரும் விகிதமும் மாறி மாறி இருந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் யுத்தம். மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. 1943-ல் மாணிக்கம் செட்டியார் என்ற சேலத்து வியாபாரி, மலேயாவில் அந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷா என்பவரோடு சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்க ஆரம்பித்தார். பாயசத்துக்கு வழி பிறந்ததோடு, ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கும் விலை பிறந்தது. ஆலைக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கை வாங்கி விற்றவர்கள் சேலத்துத் தரகு மண்டிக்காரர்கள். முன்பணம் வாங்கினவன் விலை பேச முடியுமா? நெடுநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1981-ல் ஆலைக்காரர்கள் 'சேகோசர்வ்' என்று சொந்தமாக ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பேட்டையை நான் புகழ்கிறேன் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தராசு பொது என்றாலும், அதைப் பிடிக்கிற கை யாருடையது என்ற கேள்வி எப்போதும் இருந்துகொண்டுதான் இருந்தது.

இன்றைய பேட்டையின் சத்தம் வேறு. சந்து சந்தாக வெள்ளிப் பட்டறைகள். சேலத்துக் கொலுசு என்றால் வடநாடு வரைக்கும் கிராக்கி. செவ்வாய்ப்பேட்டையில் கட்டி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள். அது இந்தப் பேட்டையிலும் குகையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வீட்டுக்கு வீடு புகுந்து, கொலுசாகி, திரும்பி வந்து மறுபடியும் தராசில் ஏறும். ஒரு வீட்டில் உருக்குவார்கள். இன்னொரு வீட்டில் கம்பி இழுப்பார்கள். வேறொரு வீட்டில் பெண்கள் கண்ணி கோத்துப் பொடி வைத்துப் பற்றவைப்பார்கள். சலங்கை வைக்க ஒரு கை, மெருகு போட ஒரு கை. ஒரு ஜோடிக் கொலுசு ஒரு குழந்தையின் காலுக்குப் போவதற்குள் பத்துப் பேர் மடியில் உட்கார்ந்து எழுந்துவிடுகிறது. ராஜஸ்தானத்திலிருந்து வந்த சேட்டுகள் தமிழிலேயே கணக்குப் பேசுகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சேலத்துத் தமிழில் சண்டை போடுகிறார்கள்; இதைவிட ஓர் ஊருக்குச் சொந்தமாவதற்கு வேறென்ன வேண்டும்?

ஆடி மாதத்தில் மட்டும் பட்டறைச் சத்தம் அடங்கிவிடுகிறது. கோட்டை மாரியம்மனை மூத்தவளாக வைத்து, பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, சக்தி கரகம் எடுக்கிறார்கள். குகையில் வண்டி வேடிக்கை. லாரியையும் வண்டியையும் கைலாசமாகவும் வைகுண்டமாகவும் ஜோடித்து, மேலே பரமசிவனும் பார்வதியுமாக வேஷம் போட்டவர்கள் நின்றுகொண்டு வருவார்கள். செவ்வாய்ப்பேட்டை மாரியம்மனுக்குத் தேர். பேட்டை வீதிகளில் மேளம் கொட்டிக்கொண்டு போகிறது.

திருவிழா முடிந்த மறுநாள் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் ஒரு பெண் முதல் வேலையாகத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கின மண்ணை வாசலில் கொட்டாமல் ஒரு தகர டப்பாவில் பத்திரமாகப் போட்டு மூடினாள். எதற்கம்மா என்று கேட்டேன்.

"இதுல வெள்ளித் தூள் இருக்குதுங்கண்ணா. டப்பா நெறஞ்சா மண்ணை வாங்க ஆள் வருவாங்க," என்றாள்.

"என்ன விலை?"

"நிறுத்துத்தான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் தூக்கிப் பார்த்து, பழையபடி மூலையில் வைத்தாள்.